சின்ன டிஸ்க் போடும் வீடியோ கேமரா: இன்று வாங்கலாமா?

பொங்கல் விடுமுறையில் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான்.

"டீச்சர், பழைய ஹேண்டிகேம் ஒண்ணு விலைக்கு வருது. சின்ன டிஸ்க் போடுற மாடல். வாங்கலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் கையில் இருக்கும் கைபேசியே அதைவிடத் தெளிவாகப் படம் பிடிக்கும். பழைய கேமராவில் விழும் மங்கலான நிறம் அழகாக இருக்கிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத் தேடிப் போவதும் எனக்குத் தெரியும். இவனும் அப்படித்தான் என்று நினைத்து, "எதுக்குப்பா அது?" என்று கேட்டேன்.

"அப்பா எடுத்த வீடியோ பதினோரு டிஸ்க் இருக்கு டீச்சர். நாலு ஓடுது. மிச்சம் ஏழும் எதுல போட்டாலும் காலி டிஸ்க்னு காட்டுது."

அவன் அப்பா துபாயில் வேலை பார்த்தவர். 2008-இல் விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கேமராவைக் கொண்டுவந்தார். 2015 வெள்ளத்தில் கடலூரில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது கேமரா போய்விட்டது. பரணில் இருந்ததால் டிஸ்க்குகள் தப்பின. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

"வாங்கலாம். ஆனா நான் சொல்ற வரைக்கும் பணம் கொடுத்துடாதே" என்றேன்.

அவன் வீட்டில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. 2005-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வீட்டு வீடியோவுக்குப் பலரும் விரும்பி வாங்கியது இந்த டிஸ்க் கேமராவைத்தான். நம் பள்ளிகளின் அலமாரிகளிலும் ஆண்டு விழா, விளையாட்டு விழா, பணி நிறைவுப் பாராட்டு விழா என்று எழுதிய சின்ன டிஸ்க்குகள் கிடக்கின்றன. அவற்றில் சில இன்று ஓடாமல் போனது ஏன், அவற்றைத் திறக்க ஒரு பழைய கேமராவை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை, அந்த ஏழு டிஸ்க்குகளோடு பட்ட பாட்டைக் கொண்டு எழுதுகிறேன்.

அன்று ஏன் அதை வாங்கினோம்

டிவிடி டிஸ்க்கில் நேரடியாகப் பதியும் வீடியோ கேமராவை முதலில் கொண்டுவந்தது ஹிட்டாச்சி நிறுவனம், ஆண்டு 2000. சோனி 2003-இல் வந்தது. பானசோனிக், கேனான் நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. நானும் 2008-இல் ஒன்று வாங்கினேன். அன்றைக்குக் கடையில் மூன்று நான்கு வகைகள் இருந்தன. சின்ன நாடாவில் பதியும் மினி டிவி கேமராவில் படம் நன்றாக இருக்கும். ஆனால் அதைக் கணினிக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும், ஒரு மணி நேரப் படத்தை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளேயே ஹார்டு டிஸ்க் உள்ள கேமரா விலை அதிகம். மெமரி கார்டும் அன்று மலிவில்லை.

கடைக்காரர் டிஸ்க் கேமராவில் என்னையே இரண்டு நிமிடம் படம் பிடித்தார். டிஸ்க்கை வெளியே எடுத்துப் பக்கத்திலிருந்த டிவிடி பிளேயரில் போட்டார். தொலைக்காட்சியில் நான் தெரிந்தேன். அவ்வளவுதான், வாங்கிவிட்டேன். அந்த முடிவு அன்றைக்குத் தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. வீட்டில் கணினி இல்லாத காலத்தில், எடுத்ததை அன்று இரவே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. டிஸ்க்கை எடுத்துக் காட்டுவதற்கு முன் கடைக்காரர் அழுத்திய ஒரு பொத்தானைத்தான் நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேமராவின் குறைகள் வாங்கிய மாதமே தெரிந்தன. பொத்தானை அழுத்தினால் டிஸ்க் சுழன்று தயாராகச் சில நொடிகள் ஆகும். அதற்குள் குழந்தை சிரித்து முடித்துவிடும். அமைதியான அறையில் டிஸ்க் சுழலும் ஓசையும் சேர்ந்து பதியும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த 30 நிமிடக் கணக்கு.

கணக்கு ஆசிரியை என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வகுப்பிலும் பயன்படுத்தலாம். கேமரா டிஸ்க்கின் விட்டம் 8 செ.மீ., வழக்கமான டிவிடியின் விட்டம் 12 செ.மீ. விட்டம் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. ஆனால் கொள்ளளவு 4.7 ஜிபிக்கு எதிராக 1.4 ஜிபிதான், அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏன்? நடுவிலுள்ள துளையும் அதைச் சுற்றிய பதிய முடியாத பகுதியும் இரண்டிலும் ஒரே அளவு. பதிவு மையத்திலிருந்து சுமார் 24 மி.மீ. தள்ளித்தான் தொடங்குகிறது. பெரிய டிஸ்க்கில் 58 மி.மீ. வரையும் சின்னதில் 38 மி.மீ. வரையும் போகிறது. இரண்டு வட்ட வளையங்களின் பரப்பளவைக் கண்டுபிடித்து வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; விகிதம் ஏறக்குறைய 0.31 வரும்.

இனி நேரம். 1.4 ஜிபி என்பது சுமார் 11,200 மெகாபிட். நடுத்தரத் தரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 6 மெகாபிட் செலவாகும். வகுத்தால் 31 நிமிடம். உயர்ந்த தரமான நொடிக்கு 9 மெகாபிட்டில் 20 நிமிடம்தான். 3 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கும், ஆனால் அசையும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். காதுகுத்து விழாவில் சரியாக ஆசாரி கம்பியை எடுக்கும் நேரத்தில் என் டிஸ்க் நிறைந்துபோனது இன்றும் வீட்டில் பேச்சு.

ஓடாத டிஸ்க்கில் என்ன குறை

இப்போது அந்தப் பொத்தான். அதன் பெயர் ஃபைனலைஸ்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். உள்பக்கங்களில் ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் போட்டாயிற்று. முகப்புப் பக்கக் கட்டங்களில் எடுத்து எழுதவில்லை, கூட்டுத்தொகை போடவில்லை. முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது திருத்தாத தாள். உள்ளே மதிப்பெண் அப்படியே இருக்கிறது.

டிஸ்க்கும் அப்படித்தான். படம் பிடிக்கும்போது கேமரா படத்தையும் ஒலியையும் உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கி எழுதிக்கொண்டே போகிறது. எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பைத் தனக்கு மட்டும் விளங்கும் வகையில் வைத்துக்கொள்கிறது, ஏனென்றால் இன்னும் காட்சிகள் சேரக்கூடும். ஃபைனலைஸ் செய்யும்போதுதான் எல்லா டிவிடி பிளேயர்களுக்கும் புரியும் பொதுவான பொருளடக்கத்தை எழுதி டிஸ்க்கை மூடுகிறது. அதைச் செய்யாத டிஸ்க், பெரும்பாலும் பதிவு செய்த கேமராவிலோ அதே நிறுவனத்தின் கேமராவிலோதான் ஓடும். வேறு எதில் போட்டாலும் பெரும்பாலும் காலி என்றே காட்டும்.

இதைப் பலர் செய்யாமல் விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒருமுறை மூடிய டிவிடி-ஆர் டிஸ்க்கில் மேற்கொண்டு எதுவும் பதிய முடியாது. பாதி டிஸ்க் மிச்சமிருக்க யாருக்கு மூட மனம் வரும்? அடுத்த விழாவுக்கு ஆகட்டும் என்று எடுத்து வைப்போம். மேலும் பல கேமராக்களில் இந்த வேலைக்குப் பேட்டரி போதாது; மின் அடாப்டரைச் செருக வேண்டும். குறைவாகப் பதிவான டிஸ்க்காக இருந்தால் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவன் அப்பா நினைத்திருப்பார். நானும் அப்படி நினைத்தவள்தான்.

ஆகவே ஓடாத டிஸ்க் கிடைத்தால் முதலில் அது உண்மையில் காலியா என்று கண்ணால் பாருங்கள். டிவிடி-ஆர் டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உள்விளிம்பிலிருந்து ஒரு வளையம் சற்று வேறு நிறத்தில் தெரியும். அது பதிவான பகுதி. வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு படம் உள்ளே இருக்கிறது. மாணவனின் டிஸ்க்குகளை இப்படிப் பார்த்தபோது ஏழிலும் வளையம் தெரிந்தது. அவனுக்கு முகம் மாறிவிட்டது.

அடுத்தது எச்சரிக்கை. இத்தகைய டிஸ்க்கைக் கணினியில் போட்டால், காலி டிஸ்க் என்று எண்ணிக்கொண்டு, எழுதலாமா, ஃபார்மேட் செய்யலாமா என்று அது கேட்கும். கேமராக்களும் சில சமயம் அதையே கேட்கும். சில மாடல்களில் அந்தச் சொல் இனிஷியலைஸ் என்றிருக்கும். எதற்கும் சரி என்று சொல்லிவிடக் கூடாது. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் அந்த ஒரு அழுத்தத்தில் எல்லாம் போய்விடும். பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

கேமரா வாங்குவதற்கு முன் இன்னொரு வழியையும் முயலலாம். ஐசோபஸ்டர் என்ற மென்பொருள், மூடப்படாத டிஸ்க்கிலிருந்தும் படத்தைத் தேடி எடுக்கக் கூடியது. முழுப் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. எல்லா டிவிடி டிரைவிலும் பலிக்காது. அவன் முயன்றதில் ஒரு டிஸ்க் கிடைத்தது. மிச்சம் ஆறு.

எதைப் பார்த்து வாங்குவது

முதலில் டிஸ்க்குகளை என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். என் பழைய கேமரா இன்னும் ஓடுகிறது. ஆனால் அது வேறு நிறுவனத்தது. அவன் டிஸ்க்கைப் போட்டதும், இதைப் பயன்படுத்த முடியாது என்று திரையில் எழுதியது. எதிர்பார்த்ததுதான். மூடாத டிஸ்க்கில் குறிப்பு எழுதும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் கேமராவைத் தேடும் முன் டிஸ்க்கை எந்த நிறுவனத்தின் கேமரா பதிந்தது என்று தெரிந்தாக வேண்டும். கேமரா போய்விட்டது, பெட்டியும் இல்லை. பழைய ஆல்பத்தில் யாரோ எடுத்த ஒரு புகைப்படத்தில் அவன் அப்பா கேமராவோடு நிற்கிறார். அதில் பெயரும் மாடல் எண்ணின் பாதியும் தெரிந்தன. அதே மாடல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் அதே ஆண்டுகளைச் சேர்ந்த மாடல்.

அடுத்து டிஸ்க்கின் வகை. டிஸ்க்கின் மேலேயே அச்சிட்டிருக்கும். எல்லாக் கேமராவும் எல்லா வகையையும் ஏற்பதில்லை. பழைய ஹிட்டாச்சி, பானசோனிக் மாடல்களில் டிவிடி-ராம் என்ற வகை உண்டு. சோனியின் பிற்காலக் கேமராக்கள் இரட்டை அடுக்கு டிஸ்க்கில் பிளஸ் ஆர் வகையை ஏற்றன. கேனானில் அது மைனஸ் ஆர். பெயரில் ஒரு சின்னக் கோடுதான் வேறுபாடு. ஆனால் மாற்றி வாங்கினால் பணம் வீண்.

மூன்றாவது, ஒளிபரப்பு முறை. இந்தியா, வளைகுடா, சிங்கப்பூர் எல்லாம் அன்று பால் முறை. அமெரிக்காவிலிருந்து வந்த கேமரா என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். நம் ஊரில் பதிந்த டிஸ்க்கைத் திறக்க அமெரிக்கக் கேமராவை நம்ப வேண்டாம். அடியில் ஒட்டியுள்ள தாளில் இது எழுதியிருக்கும்.

மற்றபடி லென்ஸில் கீறல் இருக்கிறதா, எத்தனை மடங்கு ஜூம், உடலில் சிராய்ப்பு உண்டா என்று விற்பவர் எதைச் சொன்னாலும் காதில் வாங்க வேண்டியதில்லை. நமக்கு அது படம் பிடிக்கும் கருவி இல்லை, டிஸ்க்கைப் படிக்கும் கருவி. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் லேசரை. அடுத்து அடாப்டரையும் ஏவி கேபிளையும். பழைய பேட்டரி செத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அடாப்டர் இல்லாத கேமரா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஏவி கேபிளின் ஒரு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் இருக்கும்; மறுமுனை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், பொதுக் கடைகளில் கிடைக்காது.

அவன் சொன்ன கேமரா இந்தச் சோதனைகளில் அடாப்டரிலேயே விழுந்துவிட்டது. பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். அவன் அப்பாவின் டிஸ்க் எதையும் எடுத்துவரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். முன்பின் தெரியாத கேமராவுக்குள் முதலில் போவது நமக்குத் தேவையில்லாத டிஸ்க்காக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஃபைனலைஸ் செய்த என் டிஸ்க் ஒன்றும், புதிய டிவிடி-ஆர் டிஸ்க் இரண்டும் கையில் வைத்திருந்தேன்.

முதல் கேமரா பளபளவென்று இருந்தது. என் டிஸ்க்கைப் போட்டதும் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. டிஸ்க்கைத் துடைக்கச் சொல்லித் திரையில் செய்தி. லேசர் சோர்ந்துபோயிருந்தது. கடைக்காரர், "சூடானா சரியாயிடும் மேடம்" என்றார். நன்றி சொல்லி நகர்ந்தோம்.

இரண்டாவது பார்க்கச் சகிக்காது. மூடியின் ஓரம் நசுங்கியிருந்தது. ஆனால் அடாப்டரும் கேபிளும் இருந்தன. என் டிஸ்க்கை உடனே படித்தது. புதிய டிஸ்க்கைப் போட்டுத் தெருவை இரண்டு நிமிடம் படம் பிடித்தோம். டிஸ்க்கை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, ஓட்டிப் பார்த்தோம். பிறகு ஃபைனலைஸ் கொடுத்தோம். இரண்டே நிமிடப் பதிவு என்பதால் நேரம் பிடித்தது. டீ குடித்துவிட்டு வந்தோம். அந்த டிஸ்க் கடையிலிருந்த வேறொரு டிவிடி பிளேயரில் ஓடிய பிறகுதான் பணத்தை எடுக்கச் சொன்னேன். படிக்க மட்டும் தெரிந்து எழுத முடியாத கேமராவும் பாதி வேலைக்கு ஆகும். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

டிஸ்க்கிலிருந்து படத்தை எடுத்தது

வீட்டுக்கு வந்ததும் ஆறு டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக ஃபைனலைஸ் செய்துவிடலாம் என்றான். தடுத்தேன். ஃபைனலைஸ் என்றால் டிஸ்க்கில் எழுதுவது. பதினைந்து ஆண்டு கடந்த டிஸ்க்கில், பழைய லேசர் எழுதும்போது இடையில் நின்றுபோனால் இருப்பதும் கைவிட்டுப் போகலாம். முதலில் கேமராவில் ஓடவிட்டு, ஏவி கேபிள் வழியாக, யுஎஸ்பியில் செருகும் வீடியோ கேப்சர் கருவியைக் கொண்டு கணினியில் பதிந்துகொண்டோம். அரை மணிப் படத்துக்கு அரை மணி ஆகும். தரம் ஒரு துளி குறையும். அதனால் என்ன? ஒரு பிரதி கைக்கு வந்துவிட்டது. அதன் பிறகே ஃபைனலைஸ்.

ஆறில் ஐந்து கிடைத்தன. ஆறாவதன் மேல் யாரோ ஒட்டியிருந்த பெயர்த்தாளைப் பிறகு உரித்திருக்கிறார்கள். ஓரத்தில் தகடு பிளவுபட்டிருந்தது. கேமரா அதைத் தொடவே மறுத்தது. டிஸ்க்கில் தாள் ஒட்டாதீர்கள், ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். டிவிடி-ஆர் டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம், வெயில் அதற்கு ஆகாது.

ஃபைனலைஸ் ஆன டிஸ்க்கைக் கணினியில் போட்டால் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை தெரியும். அதை முழுதாக நகலெடுங்கள். இதுதான் மூலப் பிரதி. விஎல்சி பிளேயரில் ஓடும். கைபேசியில் பார்க்க வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4-ஆக மாற்றலாம். டிரைவ் இல்லாத கணினிக்கு வெளியிலிருந்து மாட்டும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் போதும். தட்டு வெளியே வரும் வகையாக இருக்கட்டும். டிஸ்க்கை வாயில் இழுத்துக்கொள்ளும் வகையில் 8 செ.மீ. டிஸ்க்கைப் போட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பள்ளி டிஸ்க்குகளுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆடிய குழந்தைகள் இன்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கோ அவர்கள் வீட்டாருக்கோ பிரதி கொடுப்பது வேறு, கேட்காமல் சமூக ஊடகத்தில் போடுவது வேறு. நான் முதல் வகையோடு நிறுத்திக்கொள்கிறேன். கேமரா வாங்குவதற்கு முன் உங்கள் ஆசிரியர் குழுவில் கேட்டுப் பாருங்கள்; யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் அதே நிறுவனத்தின் கேமரா அடாப்டரோடு தூங்கிக்கொண்டிருக்கக் கூடும். எங்கள் தேடல் முடிந்த பிறகுதான் எனக்கு இது தோன்றியது. கேட்டேன். எங்கள் ஒன்றியத்திலேயே இரண்டு இருந்தன.

அந்த ஐந்து டிஸ்க்குகளை மாணவன் என் வீட்டிலேயே முழுதாகப் பார்த்தான். பிறந்தநாள், தென்னந்தோப்பு, வெள்ளி கடற்கரை, முதல் மிதிவண்டி. எதிலும் அவன் அப்பா முகம் இல்லை. படம் பிடித்தவர் அவர்தானே. "டேய், இந்தப் பக்கம் பாரு... கீழ விழுந்துடாதே... அம்மாவக் கூப்பிடு" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கேமராவின் மைக்குக்கு மிக அருகில் இருந்தவர் என்பதால் எல்லோர் குரலையும்விட அவர் குரல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

"இந்தக் குரல மட்டும் தனியா எடுக்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டான்.

முடியும். படமும் ஒலியும் தனித்தனித் தடங்களாகவே பதிவாகியிருக்கின்றன. ஒலித் தடத்தை விஎல்சியில் பிரித்து, ஆடாசிட்டி என்ற மென்பொருளில் வேண்டிய இடங்களை வெட்டிக்கொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தான்.